பாதி வழியில் நின்ற மதியச் சாப்பாடு

கபோபியான்கோ குடும்பத்தார் மணலில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. இது என் தந்தை வகுத்த விதி. அவருக்கு முன்பு எங்கள் குடும்பத்தில் யாரும் கடற்கரைக்கே போனதில்லை என்பதால் அப்படி ஒரு விதி தேவைப்படவில்லை.

ஒவ்வோர் ஆகஸ்டும் நாங்கள் பெனெவெந்தோவிலிருந்து ரிபால்தாவுக்கு வந்துவிடுவோம். ரிபால்தா ஊர் முழுவதும் செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவர் வீட்டுக் கூரைதான் இன்னொருவர் வீட்டு முற்றம். என் தந்தை வாங்கிய வீடு உச்சியில் இருக்கிறது, கடற்கரை அடியில் இருக்கிறது, நடுவே படிகள். எத்தனை படிகள் என்று என்னைக் கேட்கக் கூடாது. எண்ணிக்கொண்டே ஏறுவது வாடகைக்கு வருகிறவர்களின் பழக்கம்.

காலையில் இறங்கிக் குளிப்போம். ஒரு மணிக்கு ஏறி வந்து, உப்பைக் கழுவி, பொத்தான் வைத்த சட்டை போட்டுக்கொண்டு, விரிப்புப் போட்ட மேசையில் சாப்பிடுவோம். பிறகு மூன்று மணி நேரம் செரிமானத்துக்காகப் படுத்திருப்போம். சாப்பிட்ட வயிற்றோடு கடலில் இறங்கியவன் கதி என்ன ஆகும் என்று இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்படிக் கதி ஆன ஒருவரைக் காட்டும்படி என் மருமகள் லொரெதானா வருடம் தவறாமல் கேட்பாள். யாரும் இறங்காததால்தான் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று நானும் வருடம் தவறாமல் பதில் சொல்வேன். படுத்து எழுந்தபின் மறுபடியும் இறங்குவோம், மாலையில் மறுபடியும் ஏறுவோம்.

கீழே கடற்கரையில் நேப்பிள்ஸ்காரர்கள் பானையும் சட்டியுமாக வந்து குடைக்கடியில் சாப்பிடுகிறார்கள். முழுத் தர்பூசணியை அலை ஓரத்தில் புதைத்துக் குளிர வைக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

என் பெயர் ருஜ்ஜேரோ கபோபியான்கோ. ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். நான் கொடி காட்டாமல் என் நிலையத்திலிருந்து ஒரு ரயிலும் அசைந்ததில்லை. தாமதமாக அசைந்திருக்கலாம். அது வேறு விஷயம். மனைவி காலமான பிறகு என் தங்கை அசுந்தாதான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். கோடையில் என் மகன் தனிலோவும் லொரெதானாவும் பேத்தி மிரெல்லாவும் வந்து சேர்ந்துகொள்வார்கள். ஐந்து பேர், ஒரு மேசை.

இந்த வருடம் மாதா திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, மதியம் ஏறும்போது, லொரெதானா பாதி வழியில் ஒரு படியில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் ஃபெர்ராரா ஊர்க்காரி. அங்கே தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கும்.

"மாமா, கோவிச்சுக்காம கேளுங்க," என்றாள். "திருநாள் அன்னைக்கும் இந்தப் படியெல்லாம் ஏறிப் போய்த்தான் சாப்பிடணும்னா, அடுத்த வருஷம் நாங்க மூணு பேரும் ரிமினிக்குப் போயிடறோம். எங்க அக்கா வீட்டுலேருந்து கடல் வரைக்கும் ஒரு படி கிடையாது. செருப்பு கூட வேண்டாம்."

தனிலோவைப் பார்த்தேன். அவன் கடலைப் பார்த்தான். அந்தப் பழக்கம் அவனுக்கு என்னிடமிருந்து வந்தது.

ரிமினியை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கடல் அங்கே தரையோடு தரையாகக் குளம் போலக் கிடக்கிறது. அண்ணாந்து பார்க்க எதுவும் இல்லை, குனிந்து பார்க்கவும் எதுவும் இல்லை. அதுவல்ல என் கவலை. எங்கள் மேசை ஐந்து பேருக்கானது. நானும் அசுந்தாவும் மட்டும் அதில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் அது சாப்பாட்டு அறையாக இருக்காது, கடைசி ரயில் போன பிறகான காத்திருப்பு அறையாக இருக்கும். இருந்தாலும் மணலில் சாப்பிடச் சம்மதிப்பது என்பது என் தந்தையின் முகத்தில் மணலை வாரி இறைப்பது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். எல்லோரும் படுத்த பிறகு அசுந்தா காப்பியோடு வந்தாள்.

"அண்ணா, மேசையிலதான் சாப்பிடணும்னு அப்பா சொன்னார். மேசை எங்க இருக்கணும்னு சொல்லலையே," என்றாள்.

எங்கள் ஊரில் எல்லாப் பால்கனியிலும் கயிறு கட்டிய கூடை ஒன்று உண்டு. ரொட்டிக்காரனுக்காகப் படி இறங்க யாருக்கும் மனம் வராது. கூடையை இறக்குவோம், அவன் போட்டுவிட்டுக் கயிற்றை இரண்டு முறை இழுப்பான், மேலே தூக்கிக்கொள்வோம். எங்கள் வீட்டுக் கடல் பக்கத்துப் பால்கனி பாறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மீனவர்களிடம் நீளக் கயிறு வாங்கினால் சாப்பாடு நேராகக் கடற்கரைக்கு இறங்கிவிடும் என்பது அசுந்தாவின் யோசனை. காப்பி ஆறும்வரை யோசித்தேன். பிறகு நிபந்தனைகள் விதித்தேன். மேசை வேண்டும், விரிப்பு வேண்டும், கண்ணாடி டம்ளர் வேண்டும், எல்லோரும் சட்டை போட்டிருக்க வேண்டும். குடைகளை வாடகைக்கு விடும் தொத்தோன்னோ, உடை மாற்றும் அறைகளுக்கு முன்னால் உள்ள பலகைத் தளத்தில் மேசை போட்டுத் தருவதாகச் சொன்னான். பலகை மணல் அல்ல. லொரெதானாவும் இறங்கி வந்தாள். கீழேயே சாப்பாடு என்றால் ரிமினிப் பேச்சு இல்லை என்றாள்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. கயிறு இறங்கும் வழியில், பாறையின் நடு உயரத்தில், எர்சிலியா அம்மாளின் முற்றம் இருக்கிறது. அதன் கைப்பிடிச் சுவருக்கு வெளியே, அதை ஒட்டியபடிதான் கூடை போக வேண்டும்.

அவருக்கும் எனக்கும் பதினான்கு வருடமாகப் பேச்சு இல்லை. காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் ஒரு நாள் தன் முற்றத்தில் விருந்து வைத்திருந்தார். விருந்தாளி ஒருவரின் வழுக்கைத் தலையில் மேலிருந்து தண்ணீர் சொட்டியது. எங்கள் பால்கனி ஜெரேனியப் பூந்தொட்டியிலிருந்து சொட்டியது என்று அவர் கத்தினார். அது பனி என்று நான் எட்டிப் பார்த்துச் சொன்னேன். மத்தியானம் மூன்று மணிக்குப் பனியா என்று கேட்டார். கபோபியான்கோ சொன்ன சொல்லை மாற்றுவதில்லை. அன்றிலிருந்து பேச்சு நின்றது. ஆனால் விதவைப் பெண்மணி ஒருவர் படியில் எதிர்ப்படும்போது, தொப்பியைத் தூக்காமல் போவது என் வளர்ப்புக்குப் பொருந்தாது. ஆகவே தூக்குவேன், கடலைப் பார்த்துத் தூக்குவேன். கடலுக்கு வணக்கம் சொன்னதாக அது ஆகிவிடும். மரியாதையும் போகாது, வீறாப்பும் போகாது.

கூடை அவர் முற்றத்தைக் கடந்துதானே போகிறது, அதில் நிற்கவா போகிறது என்று அசுந்தா சொன்னாள். சரி என்றேன்.

இறக்கும் வேலை தனிலோவுக்கு. பால்கனியிலிருந்து பார்த்தால் கூடைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. கீழே நிற்பவருக்குத்தான் தெரியும். ஆகவே நான் சைகை காட்டுவதாக முடிவு செய்தேன். பச்சைத் துண்டு என்றால் இறக்கு, சிவப்புத் துண்டு என்றால் நிறுத்து. போனில் சொல்லலாமே என்றான் தனிலோ. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருப்பவன் போனை எதால் பிடிப்பான் என்று கேட்டேன். ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன், புரிந்துகொண்டான். வாயால் கத்துவது சைகை ஆகாது, மறுபடி பச்சையைப் பார்க்காமல் அசையக் கூடாது என்பதையும் அவனுக்கு நினைவுபடுத்தினேன். அதைப் பிறகு நினைத்து வருந்தினேன்.

திருநாள் அன்று காலைப் பூசை முடிந்து, அசுந்தாவையும் தனிலோவையும் மேலே விட்டுவிட்டு, மற்றவர்கள் கடற்கரைக்கு வந்தோம். ஒரு குடைக்கும் அடுத்த குடைக்கும் நடுவே ஒரு பூனை போக இடமில்லை. ஒரு மணிக்குப் பலகைத் தளத்தில் மேசை தயாராக இருந்தது. வெள்ளைச் சட்டையும் வைக்கோல் தொப்பியுமாக நான் அதன் பக்கத்தில் நின்றேன். கோயில் மணி அடித்தது. பச்சைத் துண்டை உயர்த்தினேன்.

மேலே கூடை பால்கனிக் கம்பியைத் தாண்டி வெளியே வந்தது. அதற்குள் அசுந்தா விடியற்காலையிலிருந்து செய்த பர்மிஜானா இருந்தது. எண்ணெயில் பொரித்த கத்தரிக்காய்த் துண்டுகளைத் தக்காளிச் சாறும் பாலாடைக்கட்டியுமாக அடுக்கி அடுப்பில் வேக வைப்பது. பித்தளைத் தட்டு, மேலே வெள்ளைத் துணி. கூடை ஆடாமல், நிதானமாக, ஒரு முதல் வகுப்புப் பெட்டி போல இறங்கியது. நேப்பிள்ஸ்காரர்கள் முள்கரண்டிகளைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். பச்சையை நாற்காலியில் வைத்துவிட்டு வலக்கையில் சிவப்பை எடுத்துக்கொண்டேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சிவப்பு கையில் இருக்க வேண்டும், அது விதி.

அப்போது எர்சிலியா அம்மாள் முற்றத்துக்கு வந்தார். கையில் ஒரு தட்டு. பின்னால் சலேர்னோவிலிருந்து வந்த அவர் கொழுந்தனாரும், ஊர்ப் பங்குத்தந்தையும். அம்மாள் கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்து கீழே பார்த்தார். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்துவிட்டேன்.

ஒரு மனிதனின் கை பதினான்கு வருடம் ஒரு காரியத்தைச் செய்திருந்தால் அது அவனைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. என் வலக்கை மேலே போனது, தொப்பியைத் தூக்கியது. கையில் இருந்த சிவப்புத் துண்டும் கூடவே போய், கொடி போல விரிந்தது.

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கூடை நின்றது எனக்குத் தெரியவில்லை. கடற்கரை முழுக்கச் சிரிப்பு கேட்டபோதுதான் திரும்பினேன். கூடை எர்சிலியா அம்மாளின் கைப்பிடிச் சுவருக்கு நேராக, அவர் மார்பு உயரத்தில், அசையாமல் நின்றுகொண்டிருந்தது. இதைவிடத் துல்லியமாக நான் ஒரு ரயிலையும் நடைமேடையில் நிறுத்தியதில்லை.

பச்சைத் துண்டுக்காக நாற்காலியைப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. கடலிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்த மிரெல்லா அதைப் போர்த்திக்கொண்டு ஐஸ் கடை வரிசையில் போய் நின்றிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. இறக்கு, இறக்கு என்று கத்தினேன். தனிலோ மேலிருந்து என்னைப் பார்த்தான், கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றான். வாயால் கத்துவது சைகை ஆகாது. அவனை அப்படி வளர்த்ததற்காக ஒரு கணம் பெருமையாகவும் இருந்தது.

எர்சிலியா அம்மாள் தன் தட்டை மேசையில் வைத்துவிட்டு வந்து, கூடையின் வெள்ளைத் துணியை விலக்கினார். குனிந்து முகர்ந்தார். பிறகு என்னை நீண்ட நேரம் பார்த்தார். தொப்பி இன்னும் என் கையில்தான் இருந்தது.

"ஸ்டேஷன் மாஸ்டரே," என்றார். நல்ல குரல் அவருக்கு, அலைச் சத்தத்தைத் தாண்டி வந்தது. "பதினாலு வருஷம் ஆக்கினீங்க. இருந்தாலும் திருநாளும் அதுவுமா, ஊரே பாக்க, தொப்பியைக் கழட்டி நின்னுக்கிட்டு அனுப்பி வச்சிருக்கீங்க. நான் ஏத்துக்கறேன்."

பங்குத்தந்தை மேலிருந்தே ஆசீர்வதித்தார். நேப்பிள்ஸ்காரர்கள் கை தட்டினார்கள். எர்சிலியா அம்மாள் எங்கள் தட்டைத் தூக்கித் தன் மேசையில் வைத்தார்.

என் நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை, அது பனி. ஆனால் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால், அந்தச் சாப்பாடு உங்களுக்கு அல்ல என்றும் சொல்ல வேண்டும். தொத்தோன்னோ என் காதருகே வந்து, வேண்டுமானால் தான் ஓடிப் போய், தவறுதலாக வந்துவிட்டது என்று சொல்லித் தட்டை வாங்கி வருவதாகச் சொன்னான்.

"குடுத்த சாப்பாட்டைத் திரும்பக் கேக்கற குடும்பம் வேற எங்கயாவது இருந்தா அவங்ககிட்டப் போய் இதைச் சொல்லு," என்றேன்.

லொரெதானா கையில் கரண்டியோடு வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரிமினியைத்தான் நினைக்கிறாள் என்று அவள் புருவத்திலேயே தெரிந்தது.

இதற்குள் மேலே வேறொன்று நடந்துவிட்டது. வந்த கூடையை வெறுங்கூடையாக அனுப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. எர்சிலியா அம்மாள், தான் கொண்டுவந்த தட்டைக் கூடையில் வைத்துத் துணியால் மூடி, கயிற்றை இரண்டு முறை இழுத்தார். இரண்டு இழுப்பு என்பது துண்டுகளுக்கும் முந்திய சைகை, ஆகவே சாப்பாடு சேர்ந்துவிட்டது என்று தனிலோ நினைத்தான். கூடையை மேலே இழுத்துக்கொண்டான். அசுந்தா துணியை விலக்கிப் பார்த்தாள்.

திருநாள் அன்று இந்தக் கரையில் எல்லா வீட்டிலும் ஒரே சமையல்தான். கூடையில் வந்ததும் கத்தரிக்காய் பர்மிஜானாதான். ஆனால் அசுந்தா கத்தரிக்காயைச் சும்மா பொரிப்பவள். இது மாவிலும் முட்டையிலும் தோய்த்துப் பொரித்தது.

பால்கனியிலிருந்து அவள் குரல் கேட்டது. "அண்ணா, என் கத்தரிக்காய்க்கு எவ முட்டை பூசினா?"

"பூசத் தெரிஞ்சவ பூசினா," என்றார் நடுவிலிருந்து எர்சிலியா அம்மாள்.

அசுந்தாவை நான் அறிவேன். அடுத்த நிமிடம் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் படி இறங்கத் தொடங்கியிருப்பாள். இரண்டு பெண்கள், இரண்டு தட்டு, நடுவில் ஒரு பங்குத்தந்தை. குடும்பத் தலைவன் அங்கே இருந்தாக வேண்டும். தொப்பியைப் போட்டுக்கொண்டு படி ஏறினேன். சாப்பிடப் போகவில்லை. என் தங்கையை அழைத்துவரப் போனேன்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. லொரெதானாவும், பச்சைத் துண்டும் ஐஸுமாக மிரெல்லாவும். எர்சிலியா அம்மாளின் வாசலில் லொரெதானா மூச்சு வாங்க நின்றாள். அதற்கு மேலே போகும் படிகளை அண்ணாந்து பார்த்தாள். "அவ்வளவுதானா? இதுக்கு மேல இல்லையா?" என்றாள். அவ்வளவுதான் என்றேன். ஏதோ கணக்குப் போட்டவள் போலத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

முற்றத்து மேசையில் விரிப்பு இருந்தது. கண்ணாடி டம்ளர் இருந்தது. கொழுந்தனார் சட்டை போட்டிருந்தார். குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. எர்சிலியா அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, நின்னுக்கிட்டே மன்னிப்புக் கேட்டது போதும்," என்றார். மறுக்க வாய் திறந்தேன். அதற்குள் அசுந்தா வந்து சேர்ந்துவிட்டதால் என் பேச்சை யாரும் கவனிக்கவில்லை.

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது முழுவதையும் இங்கே எழுத முடியாது. முட்டை போட்டால் கத்தரிக்காய் போர்வைக்குள் படுத்த நோயாளி ஆகிவிடும் என்பது அசுந்தாவின் கட்சி. போடாவிட்டால் அது எண்ணெய் குடித்த செருப்பு என்பது எர்சிலியா அம்மாளின் கட்சி. தீர்ப்புச் சொல்லும்படி பங்குத்தந்தையைக் கேட்டார்கள். அவர் இரண்டிலும் ஒரு துண்டு சாப்பிட்டார், பிறகு இரண்டிலும் இன்னொரு துண்டு சாப்பிட்டார், நீதி அவசரப்படக் கூடாது என்றார். எனக்கு இரண்டு தட்டிலிருந்தும் வைத்தார்கள். ஒரு கபோபியான்கோ எங்கே நிற்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. முட்டை போட்டதை நான் கடைசியாகச் சாப்பிட்டது, அதன் மேல் இருந்த வெறுப்பினால்தான்.

யாரும் கேட்காமல் லொரெதானா வாய் திறந்தாள்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

அசுந்தாவும் எர்சிலியா அம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினான்கு வருடத்தில் அவர்கள் முதல் முறையாக ஒரே கட்சியில் சேர்ந்தார்கள். எந்த ஊர் என்று எர்சிலியா அம்மாள் அசுந்தாவிடம் கேட்டார், லொரெதானா அங்கே இல்லாதது போல. ஃபெர்ராரா என்றாள் அசுந்தா, நோயின் பெயரைச் சொல்வது போல. சமதரை, அதான், என்றார் எர்சிலியா அம்மாள். அங்கே பூசணிக்காயை மாவில் அடைத்துச் சாப்பிடுவார்களாம், பாவம், என்றாள் அசுந்தா.

லொரெதானாவின் முகம் சிவந்தது. "அந்தப் பூசணிக்காயை ஒரு தடவை தின்னு பாத்துட்டுப் பேசுங்க அத்தை. அடுத்த வருஷம் திருநாளுக்கு நான் சமைக்கறேன். ரெண்டு பேரும் தட்டை வழிச்சு நக்கறீங்களா இல்லையா பாக்கலாம்."

நான் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தேன். பிட்டுக்கொண்டே, அதற்கு ஒன்றும் முக்கியத்துவம் இல்லாதது போல, எங்கே சமைப்பதாக உத்தேசம் என்று கேட்டேன்.

"இங்கதான் மாமா, இந்த மேசையில," என்றாள். "இதுக்கு மேல ஒரு படி ஏற மாட்டேன், சொல்லிட்டேன்."

எர்சிலியா அம்மாள் தன் மேசையை அவள் பங்கு போட்டுக்கொண்டதை மறுக்கவில்லை. பூசணிக்காய் வேண்டுமானால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், மளிகைக்காரனிடம் ஆகஸ்டில் கிடைக்காது என்று மட்டும் சொன்னார். மேலிருந்து தனிலோ, இன்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கவா என்று குரல் கொடுத்தான். மிரெல்லா பச்சைத் துண்டைக் கழற்றி ஆட்டினாள். அவன் உடனே இறங்கி வந்தான்.

காப்பி வந்தபோது என் பின்கழுத்தில் குளிர்ச்சியாக ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று, காலரைத் தாண்டி உள்ளே. அண்ணாந்து பார்த்தேன். நேர் மேலே எங்கள் பால்கனி, அசுந்தா காலையில் நீர் ஊற்றிய ஜெரேனியங்கள். மேசையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மணி மூன்று.

"பனி," என்றேன்.

"இந்த வருஷம் நல்லாவே பெய்யுது," என்றார் எர்சிலியா அம்மாள். எழுந்து போய், கொழுந்தனாரின் குடையை எடுத்து வந்து என் நாற்காலிக்கு மேலே விரித்துக் கட்டினார்.

மாதம் முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் சாப்பிட்டோம். அசுந்தா மேலிருந்து கூடையை இறக்குவாள், நான் கீழிருந்து சிவப்பைக் காட்டி நிறுத்துவேன். அது நிலையமாகிவிட்டது. மன்னிப்பு எதுவும் கேட்கப்படவில்லை என்பதைப் பங்குத்தந்தையிடம் தனியாகத் தெளிவுபடுத்தியிருக்கிறேன். அவர் புரிந்துகொண்டதாகத்தான் தலையசைத்தார்.

படியில் எதிர்ப்படும்போது எர்சிலியா அம்மாளுக்கு நான் இன்றும் கடலைப் பார்த்துத்தான் தொப்பியைத் தூக்குகிறேன். அவர் இப்போதெல்லாம் கடல் பக்கமாக நடந்து வருகிறார். அதற்கு நான் பொறுப்பல்ல.